மது: குடிப்பவர் ஒருவர், பொறுப்பாளிகள் பத்துப் பேர்



அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அவனது அருளும் ஈடேற்றமும் அண்ணல் நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே!

மது ஹராம் என்பது நம் மஹல்லாவில் மக்தப் மத்ரஸாவுக்கு வரும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அதை நிரூபிப்பதற்காக இன்று மிம்பரில் ஏறவில்லை. இன்று வேறொரு கேள்வியைப் பார்க்கப்போகிறோம். உலகில் சில நாட்டு மக்கள் அளவு கடந்து குடிக்கிறார்கள். சில நாட்டு மக்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். இந்த வித்தியாசம் எதனால் வருகிறது? அதற்கு ஆட்சியாளர்கள் என்ன செய்ய முடியும்? நாம் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

பெரும்பாலும் நாம் குடிகாரரைப் பார்த்து, "புத்தி கெட்டவன், குடும்பத்தைக் கெடுத்தவன்" என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். நபி (ஸல்) அவர்களின் பார்வை அவரோடு மட்டும் நிற்கவில்லை. மதுவின் விஷயத்தில் பத்துப் பேரை அவர்கள் சபித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமந்து செல்பவர், யாருக்காகச் சுமந்து செல்லப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என அந்தப் பட்டியல் நீள்கிறது.

பத்தில் குடிப்பவர் ஒருவர். மற்றவர்களில் பெரும்பாலானோர் மதுவைத் தயாரித்து, கொண்டுவந்து, விற்று, அந்தக் காசில் வாழ்பவர்கள். இந்த ஹதீஸை மனதில் வைத்துக்கொண்டு உலக வரைபடத்தைப் பாருங்கள். எங்கே குடி பெருகுகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

எங்கே அதிகம் குடிக்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2019ஆம் ஆண்டில் மட்டும் மதுவினால் 26 லட்சம் பேர் இறந்தார்கள். இவர்களில் சுமார் 20 லட்சம் பேர் ஆண்கள். உலகில் 40 கோடிப் பேர் மதுவினால் உண்டாகும் நோய்நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 20 கோடிக்கும் மேற்பட்டோர் அதற்கு அடிமையாகவே ஆகிவிட்டவர்கள்.

15 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் தூய ஆல்கஹால் குடிக்கிறார் என்று கணக்கிடுவது வழக்கம். 2019இல் உலக சராசரி 5.5 லிட்டர். ஐரோப்பியப் பிராந்தியத்தில் அது 9.2 லிட்டர். வேறெந்தப் பிராந்தியமும் இந்த அளவை எட்டவில்லை. அதே உலகில் வயது வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு சொட்டும் தொடாதவர்கள். "எல்லோரும்தான் குடிக்கிறார்கள்" என்ற பேச்சு உண்மையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தப் பட்டியலின் உச்சியில் இருந்தவை கிழக்கு ஐரோப்பிய நாடுகள். 2010ஆம் ஆண்டுக் கணக்கில் பெலாரஸ் 17.5 லிட்டருடன் முதலிடம் பெற்றது. அதை அரை லிட்டர் வோட்கா பாட்டில்களாக மாற்றினால் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 87 பாட்டில்கள். குடிக்காதவர்களையும் சேர்த்து வந்த சராசரி இது. மால்டோவா, லித்துவேனியா, ரஷ்யா ஆகியவை அதற்கு அடுத்தடுத்து நின்றன.

குளிர்தான் காரணமா?

"அவை குளிர் நாடுகள், குடிக்காமல் எப்படி இருப்பார்கள்?" என்று நம்மில் பலர் சொல்வார்கள். இந்த வாதம் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே நபி (ஸல்) அவர்களின் முன்னால் வைக்கப்பட்ட ஒன்று. தைலம் அல்ஹிம்யரீ (ரலி) என்ற யமன் நாட்டுத் தோழர், தாங்கள் குளிர்ப் பிரதேசத்தில் கடினமான உழைப்பு உழைப்பதாகவும், கோதுமையிலிருந்து ஒரு பானம் தயாரித்து அருந்தி உடலுக்குத் தெம்பும் குளிருக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தியும் பெறுவதாகவும் சொன்னார்கள். அது போதை தருமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், அதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார்கள். (அபூதாவூத்)

இன்றைய புள்ளிவிவரமும் அதற்குச் சாட்சி சொல்கிறது. குளிர்தான் காரணம் என்றால் நார்வேயும் ஸ்வீடனும் முதலிடத்தில் இருக்க வேண்டும். அந்த நாட்டு மக்கள் ஐரோப்பாவின் பல நாட்டவரைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள். வெயில் காயும் போர்ச்சுகலிலும் பிரான்ஸிலும் அவர்களைவிட அதிகம் குடிக்கிறார்கள். ஆகவே குளிர் என்பது சாக்கு. காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். அதற்கு ரஷ்யாவின் கதையைப் பார்ப்போம்.

ரஷ்யாவின் கஜானாவும் வோட்காவும்

பழைய ரஷ்ய வரலாற்று ஏடு ஒன்றில் ஒரு செய்தி வருகிறது. பத்தாம் நூற்றாண்டில் கீயவ் நகரை ஆண்ட மன்னர் விளாடிமிர் தன் மக்களுக்கு ஒரு மார்க்கத்தைத் தேடினார். வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் முஸ்லிம்கள் தூதர்களை அனுப்பி இஸ்லாத்தை எடுத்துச் சொன்னார்கள். மது கூடாது என்றதும் மன்னர் மறுத்துவிட்டார். குடி தம் மக்களின் மகிழ்ச்சி, அது இல்லாமல் தங்களால் வாழ முடியாது என்பது அவர் சொன்ன காரணம். இது எவ்வளவு தூரம் அப்படியே நடந்தது என்பது வரலாற்றாசிரியர்களின் விவாதம். ஆனால் அந்த மகிழ்ச்சி ஆயிரம் ஆண்டுகளில் என்ன விலை கேட்டது என்பதில் விவாதம் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்ய மன்னராட்சி வோட்கா விற்பனையை அரசின் ஏகபோகமாக்கியது. 1913இல் அரசு வருமானத்தில் கால் பங்குக்கும் மேல் வோட்காவிலிருந்து வந்தது. 1914இல் உலகப்போர் மூண்டபோது மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் வோட்கா விற்பனையைத் தடை செய்தார். பிறகு புரட்சி வந்தது, மன்னர் போனார். மதுவை எதிர்த்துப் பேசிய கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தும் 1925இல் அரசே மறுபடியும் வோட்கா விற்கத் தொடங்கியது. கொடி மாறியது, கொள்கை மாறியது, கஜானாவின் தாகம் மட்டும் மாறவில்லை. பத்துப் பேரில் "கிரயத்தை உண்பவர்" என்ற இடத்தில் ஓர் அரசாங்கமே உட்கார்ந்திருந்தது.

1985 மே மாதம் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிராகப் பெரிய நடவடிக்கை எடுத்தார். வாங்கும் வயது 18லிருந்து 21 ஆனது. வேலை நாட்களில் மதியம் 2 மணிக்கு முன் விற்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. விலை ஏறியது, உற்பத்தி குறைக்கப்பட்டது. பல இடங்களில் திராட்சைத் தோட்டங்கள்கூட வெட்டப்பட்டன. விளைவைக் கவனியுங்கள். 1984இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 62 வயதுக்குச் சற்றுக் கீழே இருந்தது. 1987இல் அது ஏறத்தாழ 65 ஆனது. மூன்றே ஆண்டுகளில் மூன்று வயது கூடியது! புதிய மருந்தோ புதிய மருத்துவமனையோ இவ்வளவு வேகமாக ஒரு நாட்டின் ஆயுளைக் கூட்டுவது அரிது.

ஆனால் அது நிலைக்கவில்லை. மக்கள் வீட்டிலேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள். காய்ச்சுவதற்காக வாங்கி வாங்கியே கடைகளில் சர்க்கரை காணாமல் போனது. மது வருமானம் குறைந்து அரசின் கஜானாவில் ஓட்டை விழுந்தது. அதை அடைக்க மாற்று வழி தயாராக இல்லை. சில ஆண்டுகளிலேயே அரசு பின்வாங்கியது. சோவியத் யூனியன் உடைந்தபின் 1992இல் விலைக்கட்டுப்பாடும் அரசின் மது ஏகபோகமும் போயின. மலிவு வோட்கா தெருவெங்கும் ஓடியது. 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58க்கும் கீழே இறங்கியது. வேலையிழப்பும் வறுமையும் அதற்குக் காரணங்கள்தான். ஆயினும் மதுவின் பங்கு மிகப் பெரியது என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

மூன்று ரஷ்ய நகரங்களில் 1,51,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. வாரம் மூன்று அரை லிட்டர் பாட்டில் அல்லது அதற்கு மேல் வோட்கா குடித்த, புகைபிடிக்கும் ஆண்களில் 35 வயதுக்கும் 54 வயதுக்கும் இடையில் இறக்கும் வாய்ப்பு 35 விழுக்காடு. வாரம் ஒரு பாட்டிலுக்கும் குறைவாகக் குடித்தவர்களுக்கு அது 16 விழுக்காடு. பிள்ளைகளை வளர்க்க வேண்டிய வயதில் தகப்பன் கப்ருக்குப் போகிறான்.

பிறகு ரஷ்யா மீண்டும் முயன்றது. இம்முறை படிப்படியாக முயன்றது. 2006இல் ஆலையிலிருந்து கடைவரை மதுவைக் கண்காணிக்கும் முறை வந்தது. 2010இல் அரை லிட்டர் வோட்காவுக்கு 89 ரூபிள் என்று குறைந்தபட்ச விலை வைத்தார்கள். இரவு விற்பனையை நிறுத்தினார்கள். அதுவரை உணவுப் பொருள் போலக் கருதப்பட்ட பீரை 2011இல் இயற்றிய சட்டத்தில் மதுவாகவே அறிவித்தார்கள். தெருவோரப் பெட்டிக்கடைகளில் விற்பதைத் தடுத்தார்கள். 2003இலிருந்து 2016க்குள் மது நுகர்வு 43 விழுக்காடு குறைந்தது என உலக சுகாதார நிறுவனம் பதிவு செய்துள்ளது. 2018இல் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 68ஐத் தொட்டது.

அன்பர்களே! அதே மக்கள், அதே குளிர், அதே இரத்தம். மாறியது விலை, நேரம், கடை, ஆள்வோரின் மனம் ஆகியவைதான். "குடிப்பது அவர்கள் பிறவிக் குணம்" என்ற பேச்சு பொய்யாகிவிட்டது.

அல்லாஹ் தடை செய்த ஒழுங்கு

கோர்பச்சேவ் செய்தது ஏன் நிலைக்கவில்லை, மதீனாவில் ஏன் நிலைத்தது என்பதை நாம் சிந்திக்க வேண்டும்.

முதன்முதலில் இறங்கியவை சுவனத்தையும் நரகத்தையும் நினைவூட்டும் அத்தியாயங்கள். உள்ளங்கள் இஸ்லாத்தில் உறுதிபெற்ற பிறகே ஹலால், ஹராம் இறங்கியது. ஆரம்பத்திலேயே மது குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால் ஒருபோதும் விடமாட்டோம் என்று மக்கள் சொல்லியிருப்பார்கள். இது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளக்கம். (புகாரீ)

பிறகு மதுவின் சட்டம் படிகளாக வந்தது. மதுவில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டு, ஆனால் அதன் பாவம் பயனைவிடப் பெரியது என்று அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம் அறிவித்தது. அந்தப் "பயன்" என்பதற்கு வியாபார இலாபம் என்றே முஃபஸ்ஸிர்கள் பலர் விளக்கம் தந்தார்கள். வருமானம் வருகிறது என்பதை அல்லாஹ் மறுக்கவில்லை. வரவையும் இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போடக் கற்றுக்கொடுத்தான்.

அடுத்து, போதையில் தொழுகையை நெருங்கக்கூடாது என்று அந்நிஸா அத்தியாயத்தின் 43ஆம் வசனம் வந்தது. ஐந்து வேளைத் தொழுகை உள்ளவனுக்குப் பகல் முழுவதும் பூட்டுப் போட்டாயிற்று. இஷாவுக்குப் பிறகுதான் குடிக்க முடியும் என்ற நிலை. இன்று நாடுகள் விற்பனை நேரத்தைக் குறைக்கின்றனவே, அந்த வழியை மக்களின் வணக்கத்தோடு இணைத்து அல்லாஹ் ஏற்படுத்தினான்.

இறுதியாக அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91 வசனங்களில் முழுத் தடை வந்தது. அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது ஊற்றிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள், அறிவிப்புச் செய்பவரின் குரல் கேட்டதும் அதை வெளியே கொட்டுமாறு சொல்லப்பட்டதையும், மதீனாவின் தெருக்களில் மது ஓடியதையும் அறிவிக்கிறார்கள். (புகாரீ) காவலர் யாரும் வீடு வீடாகச் சோதனை போடவில்லை.

ஆனால் உள்ளம் திருந்திவிட்டது என்று வழிகளைத் திறந்து வைக்கவும் இல்லை. மது ஊறவைக்கப் பயன்படும் சில பாத்திரங்களையே ஆரம்பத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மக்கள் முற்றிலும் பழகிய பிறகு அந்தப் பாத்திரங்களுக்கு அனுமதி தந்து, போதை தருவதை மட்டும் தடையாக வைத்தார்கள். (முஸ்லிம்) உள்ளத்திற்கு ஈமான், கடைக்குப் பூட்டு, கருவிக்கும் கட்டுப்பாடு. மூன்றும் சேர்ந்தபோதுதான் ஒரு சமுதாயம் மாறியது.

அமெரிக்கா 1920இல் அரசியல் சட்டத்தையே திருத்தி மதுவைத் தடை செய்தது. 1933இல் அதே சட்டத்தை மறுபடி திருத்தித் தடையை நீக்கியது. பூட்டு இருந்தது, அதை விரும்பும் உள்ளம் போதிய அளவு இல்லை. உபதேசம் மட்டும் செய்துவிட்டுத் தெருவுக்குத் தெரு கடை திறந்து வைப்பது அதற்கு நேர் எதிரான தவறு. இரண்டும் பாதி மருந்துதான்.

வருமானம் போய்விடுமே?

இப்போது நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே மது விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனம். 1983இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் கைக்கு 2003இல் சில்லறை விற்பனையும் வந்தது. இன்று ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் அதன்மூலம் அரசுக்கு வருமானம். எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. ரஷ்யாவில் கொடி மாறியும் கஜானா மாறாத கதையை இங்கே பொருத்திப் பாருங்கள்.

"இந்தப் பணத்தில்தானே ஏழைகளுக்கு நலத்திட்டம் நடக்கிறது?" என்பது வழக்கமான பதில். மது தடை செய்யப்பட்டபோது அபூதல்ஹா (ரலி) அவர்கள், யதீம்களுக்கு வாரிசுச் சொத்தாக வந்த மதுவைப் பற்றிக் கேட்டார்கள். கொட்டிவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அதைக் காடியாக மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டபோதும் அனுமதிக்கவில்லை. (அபூதாவூத்) யதீமின் சொத்தை நெருங்குவதையே கடுமையாக எச்சரித்த மார்க்கம் இது. அந்த யதீமின் பெயரால்கூட மதுவின் காசை ஏற்கவில்லை. அப்படியிருக்க, தகப்பனின் கூலியைக் கடையில் வாங்கி, அதில் ஒரு பகுதியை அவன் பிள்ளைக்கு நலத்திட்டமாகத் திருப்பிக் கொடுப்பது என்ன தர்மம்?

ஹரம் ஷரீஃபுக்கு இணைவைப்பாளர்கள் வரக்கூடாது என்ற கட்டளை இறங்கியபோது வியாபாரம் போய்விடுமே என்ற அச்சம் மக்காவில் எழுந்தது. வறுமையை அஞ்சினால் அல்லாஹ் தன் அருளால் உங்களைச் செல்வந்தர்களாக்குவான் என்று அத்தவ்பா அத்தியாயத்தின் 28ஆம் வசனம் ஆறுதல் தந்தது. ஹராமான வருமானம் போனால் ஹலாலான வழி திறக்கும் என்பது நம் நம்பிக்கை.

வழி தேடினால் கிடைக்கும் என்பதற்கு நம் மாநில வரலாற்றிலேயே சான்று உண்டு. 1937இல் ராஜாஜியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரியைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்தார்கள். அந்த விற்பனை வரி பிறகு நாட்டு மாநிலங்களின் பெரும் வருவாயாக வளர்ந்தது. கடையை மூடியதோடு வருமானத்துக்கு மாற்றும் தேடிய ஆட்சியின் நடவடிக்கை நிலைக்க வழியுண்டு. மாற்றுத் தேடாத கோர்பச்சேவின் நடவடிக்கை சரிந்தது.

"கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்" என்ற அச்சத்தையும் நாம் ஒதுக்கிவிட முடியாது. மதுவிலக்கு உள்ள பீகாரிலும் நச்சுச் சாராய மரணங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அப்போது அரசுக் கடைகள் திறந்துதான் இருந்தன. கடை திறந்திருப்பது ஏழையைச் சாராயத்திலிருந்து காப்பாற்றவில்லை. கள்ளச்சாராயத்தைத் தடுப்பது தனிக் கடமை. கடையைத் திறந்து வைப்பதற்கு அது காரணமாகாது.

நிய்யத் வேறு, பலன் வேறு

ஸ்வீடனிலும் அரசு நிறுவனமே மது விற்கிறது. ஆனால் அதை ஏற்படுத்திய நோக்கம் குடியைக் கட்டுப்படுத்துவது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் அதன் கடைகள் சுமார் 450தான். ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை பிற்பகலில் மூடிவிடுவார்கள். மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்ற பேச்சே இல்லை. அந்த ஏற்பாட்டையும் மார்க்கம் ஹலாலாக்காது. ஆயினும் செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற நபிமொழியின் உண்மையை இங்கே பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் விற்பவர் அரசாங்கம். ஓரிடத்தில் எப்படிக் குறைக்கலாம் என்று யோசிக்கிறார்கள், இன்னோரிடத்தில் சென்ற தீபாவளியைவிட இந்தத் தீபாவளிக்கு விற்பனை எவ்வளவு கூடியது என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

பட்டியலின் உச்சியில் இருந்த லித்துவேனியா 2017இல் மது வரியைக் கடுமையாக உயர்த்தியது. 2018இல் வாங்கும் வயதை 18லிருந்து 20 ஆக்கியது. விளம்பரத்தை முற்றிலும் தடை செய்தது. கடைகளில் விற்பனையைக் காலை 10 முதல் இரவு 8 வரை, ஞாயிறன்று பிற்பகல் 3 வரை என்று சுருக்கியது. நுகர்வு குறைந்தது. ஸ்காட்லாந்து 2018 மே மாதம் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது. மதுவினால் மட்டுமே ஏற்படும் மரணங்கள், விலை வைக்காமல் இருந்தால் நடந்திருக்கக்கூடிய அளவைவிட 13 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன. அதில் அதிகம் காப்பாற்றப்பட்டவர்கள் ஏழைப் பகுதிகளில் வாழ்பவர்கள். இவை முஸ்லிம் நாடுகள் இல்லை. அனுபவம் அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது.

எனவே நாம் கேட்க வேண்டியது தெளிவு. முழு மதுவிலக்கே நம் விருப்பம். அது வரும்வரை ஒவ்வொரு கடை மூடப்படுவதையும், ஒவ்வொரு மணி நேரம் குறைக்கப்படுவதையும் ஆதரிக்க வேண்டும். 2023 ஜூன் மாதம் தமிழக அரசு 500 கடைகளை மூடியது. அது போதாது என்று சொல்லலாம். பயனற்றது என்று சொல்லக்கூடாது. "முழுதாக மூடு, இல்லையென்றால் பேசாதே" என்ற பேச்சு கடைசியில் கடைக்காரருக்கே சாதகமாக முடியும்.

மஹல்லா செய்ய வேண்டியவை

முதலாவது: பத்துப் பேரில் நாம் யாராவது இருக்கிறோமா என்று பார்ப்போம். கடைக்கோ பாருக்கோ கட்டடத்தை வாடகைக்கு விட்டவர், சரக்கு ஏற்றும் லாரியின் உரிமையாளர், பாரில் தின்பண்டம் விற்க ஏலம் எடுத்தவர், இவர்கள் "நான் குடிப்பதில்லை ஹஜ்ரத்" என்று சொல்லித் தப்ப முடியாது. வாடகை அதிகம் கிடைக்கும் என்பது உண்மை. அந்த வாடகையில் பரக்கத் கிடையாது என்பதும் உண்மை.

இரண்டாவது: சட்டம் தந்திருக்கும் உரிமையைப் பயன்படுத்துவோம். வழிபாட்டுத்தலம், பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் மதுக்கடை இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. கிராம சபையில் தீர்மானம் போடலாம், ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். இதில் கோயில் நிர்வாகத்தினரையும் தேவாலயத்தினரையும் சேர்த்துக்கொண்டு செல்லுங்கள். கடையின் முன்னால் அழுது நிற்கும் தாய் எந்த மதம் என்று பாட்டில் பார்ப்பதில்லை. குடியிருப்புப் பகுதிகளில் கடைகளை எதிர்த்துப் பல ஊர்களில் வீதிக்கு வந்தவர்கள் பெண்கள்தான்.

மூன்றாவது: நம் பிள்ளைகள் குடிப்பதில்லை என்ற கற்பனையை விட்டுவிடுவோம். வேலைக்காக வெளியூர் போன பிள்ளை, கல்லூரி விடுதியில் இருக்கும் பிள்ளை, திருமண வீட்டின் பின்புறத்தில் நண்பர்களோடு நிற்கும் பிள்ளை, இவர்களிடம் பேச வேண்டியவர்கள் பெற்றோர். நிக்காஹ் மஜ்லிஸுக்கு முந்திய இரவு நண்பர்களுக்குக் கொடுக்கும் விருந்தில் என்ன நடக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வேண்டும். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

நான்காவது: குடிக்கு அடிமையானவரைத் தள்ளிவைக்காதீர்கள். மது குடித்ததற்காக நபி (ஸல்) அவர்களிடம் மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டனை பெற்ற ஒருவரை அங்கிருந்தவர் சபித்தார். அவரைச் சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். (புகாரீ) பத்துப் பேரைப் பொதுவாகச் சபித்த அதே நாவுதான், தவறி விழுந்த ஒருவரைக் குறிப்பிட்டுச் சபிப்பதைத் தடுத்தது. செயலை வெறுப்பது வேறு, ஆளைக் கைவிடுவது வேறு. அவர் ஜும்ஆவுக்கு வந்தால் இடம் விட்டு உட்காருங்கள். பார்வையால் வெளியே அனுப்பிவிடாதீர்கள். அவர் போவதற்கு இன்னொரு கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

ஒரு முக்கியமான செய்தி. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். தவ்பா செய்து நிறுத்த முடிவெடுத்தவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் போதை மீட்புச் சிகிச்சை கிடைக்கிறது. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். சிகிச்சை நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பது ஜமாஅத்தின் வேலை. பைத்துல்மாலில் அதற்கு ஒரு பங்கு ஒதுக்க முத்தவல்லியும் நிர்வாகிகளும் முன்வர வேண்டும். கட்டடத்துக்குச் செலவழிப்பதைவிட ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவது சிறியது அல்ல.

அன்பானவர்களே! மது எங்கே மலிவாகவும் அருகிலும் எந்நேரமும் கிடைக்கிறதோ, எங்கே ஆள்வோர் அதன் காசில் வாழ்கிறார்களோ, அங்கே குடி பெருகுகிறது. அங்கே பெண்கள் விதவைகளாகிறார்கள், பிள்ளைகள் யதீம்களாகிறார்கள். இந்த நான்கில் ஒவ்வொன்றும் மனிதர்கள் எடுத்த முடிவு. எடுத்த முடிவை மாற்றவும் முடியும். ரஷ்யாவால் பாதியளவு முடிந்தது. மதீனாவால் முழுமையாக முடிந்தது. நம் தெருவில் அது தொடங்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்களையும் எங்கள் சந்ததிகளையும் போதையிலிருந்தும், போதையின் காசிலிருந்தும் காப்பாற்றுவாயாக! அதில் சிக்கித் தவிக்கும் எங்கள் சகோதரர்களுக்கு மீட்சியையும் ஆரோக்கியத்தையும் தருவாயாக! அவர்களின் தாய்மார்கள், மனைவியர், பிள்ளைகளின் கண்ணீரைத் துடைப்பாயாக! எங்களை ஆள்வோரின் உள்ளங்களில் மக்களின் நலனை நாடும் எண்ணத்தைப் போடுவாயாக! எங்கள் ஊரையும் எங்கள் நாட்டையும் இந்தத் தீமையிலிருந்து தூய்மையாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.